வெள்ளிக்கிழமை ஈர அரிசி

வேதகிரியின் மாவு மிஷினுக்கு ஞாயிறு கிடையாது, அமாவாசை கிடையாது, மத்தியானமும் கிடையாது. மானாம்பதிக்குக் கரண்டுக் கம்பம் வந்த வருஷமே அவன் மிஷின் போட்டுவிட்டான். உத்திரமேரூர் பஸ் திரும்புகிற முனையில் தகரம் போட்ட ஒற்றை அறை. பால்காரன் போகிற நேரத்தில் கதவைத் திறந்தானானால் விளக்கு வைக்கிறவரை திறந்தேதான் கிடக்கும். யார் வந்தாலும், எந்நேரம் வந்தாலும், எதைக் கொண்டுவந்தாலும் இல்லையென்று சொல்லக்கூடாது என்பது அவன் வைத்துக்கொண்ட சட்டம். மிளகாய் வந்தால் மிளகாய். அதன் பின்னாலேயே கேழ்வரகு வந்தால் கேழ்வரகு. நடுவில் இரண்டு கைப்பிடி தவிட்டைப் போட்டு ஓட்டுவான். கல் சுத்தமாகிவிட்டது என்று அவனும் நம்புவான், வந்தவர்களையும் நம்பச் சொல்லுவான்.

மத்தியானச் சோற்றை நின்றுகொண்டேதான் தின்பான். பெண்சாதி செல்லம்மாள் தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் வாயைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள். பேச முடியாது. மிஷின் சத்தத்தில் அவள் சொல்வது அவனுக்குக் கேட்காது, அவன் சொல்வது அவளுக்குக் கேட்காது. ஏழு வருஷமாக அவர்கள் குடித்தனம் பாதிக்கு மேல் கைஜாடையிலேயே நடந்தது. போன வைகாசியில் மகள் பார்வதத்துக்குக் கலியாணம் நடந்தபோது, தாலி கட்டி முடிந்து பந்தி போடுவதற்குள் காணாமல் போய்விட்டான். தேடிப் போனவர்கள், பட்டு அங்கவஸ்திரத்தோடு யாருக்கோ உளுந்து அரைத்துக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். அதை அவன் பெருமையாகவே சொல்லிக்கொள்வான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் பாஞ்சாலி வந்து சேர்ந்தாள்.

பாஞ்சாலி மேலத்தெரு முத்துகிருஷ்ணனின் பெண்சாதி. புருஷனுக்குக் கொஞ்சம் நிலம், அவளுக்கு இரண்டு பசு. பட்டணத்தில் இருந்த அவள் தம்பி ஒரு பழைய மிஷினை லாரியில் ஏற்றி அனுப்பினான். அதை மாட்டுக் கொட்டகையை ஒட்டின தாழ்வாரத்தில் நிறுத்தினாள். நிறுத்தின மறுநாள் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்தாள். திங்கள், மிளகாய் தனியா. புதன், கேழ்வரகு கம்பு. வெள்ளி, அரிசி, ஈர அரிசி. மற்ற நாள் இல்லை. அந்த மூன்று நாளிலும் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்துதான் சுவிட்சைப் போடுவாள். முத்துகிருஷ்ணன் கழனியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தால் நிறுத்திவிடுவாள். வெயில் தாழ்ந்து மறுபடி போட்டு, மாடு திரும்பும்போது அடைத்துவிடுவாள். நடவுக்கும் அறுப்புக்கும் முழு அடைப்பு. திங்கள்கிழமை மிளகாய் முடிந்ததும் கல்லைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைப்பாள்.

ஊர் முதலில் சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் வேதகிரி.

"இது இன்னாய்யா இஸ்கூலா? டைம்டேபிள் போட்டுக்கினு கீது. அவ ஆத்தா வூட்டு சீரு வந்தா மிஷின், வரலன்னா மாடு. மூணு மாசம் பாரு. பூன குட்டி போட்டுக்கினு கெடக்கும் அதுல."

மூன்று மாசம் ஆயிற்று. ஆறு மாசமும் ஆயிற்று. பூனை வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் தகர டின்களை இடுப்பில் வைத்துக்கொண்டு வேதகிரியின் வாசல் வழியாகவே மேலத்தெருவுக்குப் போனார்கள். வாத்தியார் வீட்டு ஆண்டாளம்மாளும் போனாள். அவள் பேரனுக்கு ஊட்டின கேழ்வரகுக் கஞ்சியில் காரம் ஏறி, குழந்தை மூச்சடைக்க அழுததற்குப் பிறகு அந்த அம்மாள் இந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. வேதகிரி வலியக் கூப்பிட்டுக் கேட்டும் பார்த்தான்.

"அம்மா, கல்லு புதுசா கொத்தி வெச்சிகீறேன். இப்பல்லாம் ஒண்ணும் வராது."

"வேண்டாம் வேதகிரி. உன்கிட்ட வந்தா உடனே கெடைக்கறது, வாஸ்தவம். அவகிட்ட வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும். ஆனா காத்திருந்தா மாவு மாவா இருக்கு."

அந்தப் பேச்சு அவன் நெஞ்சில் மாவு மாதிரியே ஒட்டிக்கொண்டது. தட்டினாலும் போகவில்லை. பாஞ்சாலிக்கு ஆள் போவதுகூடப் பெரிதில்லை. ஊருக்கே காத்திருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாளே! அவன் ஏழு வருஷமாக ஒருத்தரையும் ஒரு நாழிகை காக்கவைத்ததில்லை. அதற்காக யாரும் அவனை ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதும் இல்லை. இவளோ கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள், திரும்பி வரும்வரை வாசலில் டின்கள் பழியாய்க் கிடக்கின்றன.

ஐப்பசி பிறந்தது. பார்வதத்துக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை ஏகாம்பரம் காஞ்சிபுரத்தில் பஸ் கண்டக்டர். பேச்சு குறைந்த பையன். அவனும் மகளும் தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியான பஸ்ஸில் வருவதாகக் கார்டு போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரு கூடை அதிரசம் தனியாகக் கட்டி அனுப்ப வேண்டும். அந்த அம்மாள் கலியாணத்தின்போதே, "சீரு செனத்தி எப்டினா போவட்டும், பொண்ணு வூட்டு அதிரசத்த வாயில வெச்சா தெரிஞ்சி பூடும் குடும்பம் இன்னாதுன்னு" என்று சொல்லிவைத்திருந்தாள். செல்லம்மாளுக்கு அது ஐந்து மாசமாக அடிவயிற்றில் கிடந்தது.

"வெள்ளிக்கெழம காலயில அரிசிய ஊற வெச்சி எடுத்தாந்துடு," என்றான் வேதகிரி. "மொத ஈடு நம்முளுதுதான். அப்பால தான் ஊராருது."

செல்லம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "வோணாய்யா," என்றாள்.

"இன்னா வோணாம்?"

"தீவாளி நேரம். மொளகா, தனியா, கடல மாவு எல்லாம் ஒண்ணா வந்து வுழும். நீ எத்தன்னு பாப்ப? நான் ஒரல்லயே இடிச்சிக்கிறேன். அதிரசத்துக்கு இடிச்ச மாவு தான் மெத்து."

"மிஷின்காரன் பொண்டாட்டி ஒரல்ல இடிக்கிறாளாம். கேக்கறவன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டு போறான். பொண்ணு மாமியா சிரிக்காம இருந்தா போதும் எனக்கு."

அவனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஊரெல்லாம் மேலத்தெருவுக்கு ஓடுகிறபோது தன் பெண்சாதி உலக்கையைத் தூக்குகிறாளே தவிர அங்கே போகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பக்கத்துவீட்டுத் தாயாரம்மாள் அவள் வீட்டு அலுமினியக் குண்டானில் ஈரத்துணி போர்த்தி, தலையில் வைத்துக்கொண்டு மிஷின் வாசலைக் கடந்தாள். தாயாரம்மாளுக்கு வாய் நீளம். வேதகிரிக்கு அவளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது.

"இன்னா தாயாரம்மா, மேலத்தெருவுல கும்பாபிசேகமா? தல மேல வெச்சிக்கினு போற."

"ஆமா, நீயும் வாயேன். பொங்கல் குடுக்கறாங்க."

"எதுக்கு அவ்ளோ தூரம் நடக்கற? தோ, ஆளு கீறேன், கரண்டு கீது, மிஷினு கீது."

"எல்லாம் கீது வேதகிரி. மொளகாயும் கீதே!" என்று சொல்லிவிட்டு, குண்டானை ஒரு கையால் பிடித்தபடி இடுப்பை ஆட்டிக்கொண்டு போனாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தது மிஷின் சத்தமில்லாததால் நன்றாகவே கேட்டது.

சத்தமில்லைதான். காலையில் கொஞ்சம் மிளகாய் வந்தது, அதோடு சரி. வெயில் ஏறியும் யாரும் வரவில்லை. கல்லுக்கு அடியில் தங்கின மிளகாய்த்தூளைச் சுரண்டி, வீட்டுக் குழம்புக்கென்று காகிதத்தில் பொட்டலம் கட்டி மடியில் செருகிக்கொண்டான். தினமும் செய்வதுதான். பிறகு உட்கார்ந்தான். எழுந்தான். பெல்ட்டைத் தடவினான். வாசலில் நின்று தெருவைப் பார்த்தான். உத்திரமேரூர் பஸ் வந்தது, போனது. மிஷின் போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, பட்டப்பகலில் கதவை இழுத்துச் சாத்தினான். எங்கே போகிறோம் என்று அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கால் மேலத்தெருப் பக்கம் திரும்பியது.

பாஞ்சாலி வீட்டு வாசலில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் டின்களும் குண்டான்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆட்கள் இல்லை. பாத்திரத்தை இடம்பிடிக்க வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வெயில் தாழ்ந்து வருவார்கள். மிஷின் நின்றிருந்தது. தாழ்வாரம் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சுத்தமாக இருந்தது. மிளகாய் நெடியே இல்லை. அவன் மூக்கு அதைத்தான் முதலில் தேடியது.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

வேதகிரி வைக்கோல்போருக்கு இந்தப் பக்கம் ஒதுங்கிப் பார்த்தான். நடுவீட்டில் சாப்பிட்டுக் கழுவிய தட்டுகள் கவிழ்ந்துகிடந்தன. தரையில் சாக்குக்கட்டியால் தாயக்கட்டம் போட்டு இந்தப் பக்கம் பாஞ்சாலி, அந்தப் பக்கம் முத்துகிருஷ்ணன். அவன் காலில் இன்னும் கழனிச் சேறு காயாமல் இருந்தது. அவள் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, வெற்றிலை மென்றுகொண்டு சோழியைக் குலுக்கினாள்.

"வுழு, வுழு, வுழுடி என் ராசாத்தி... தாயம்! எடு உன் காய. வெட்டு!"

"அடிப்பாவி! இது பொய்யாட்டம். சோழிய நீ தள்ளி வுட்ட."

"நான் எங்க தள்ளினேன்? கண்ணு பொட்டயா? சேத்துல நாள் பூரா குனிஞ்சிக்கினு இருந்தா இப்டித்தான், வெட்டுனது தெரியாது."

"மிஷின் நிக்கிதே, வாசல்ல அம்மாம் பேரு வெச்சிட்டு போய்க்கீறாங்களே, போய் அரயேன். நான் தோத்துப் பூடறதுக்குள்ள."

"வெயிலு எறங்கட்டும். அரிசி எங்கயும் ஓடிப் பூடாது. ஆடு நீ."

வேதகிரி பார்த்துக்கொண்டிருந்தான். காய்கள் ஏறின, வெட்டுப்பட்டன, மறுபடி ஏறின. முத்துகிருஷ்ணன் தொடையைத் தட்டினான். பாஞ்சாலி வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தாள்.  அவன் வீட்டிலும் சோழி உண்டு. செல்லம்மாள் கலியாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. அது எந்தப் பானையில் கிடக்கிறதோ!

கடைசியில் ஆட்டம் முடிந்தது. பாஞ்சாலி கையால் காய்களைக் கலைத்து, "இன்னொரு ஆட்டம்," என்றாள். இன்னொரு ஆட்டமா! வாசலில் ஊர் அரிசி காத்துக்கிடக்க, இவளுக்கு இன்னொரு ஆட்டமா!

வரிசையில் முதலாவதாகத் தாயாரம்மாள் வீட்டு அலுமினியக் குண்டான் இருந்தது. எல்லாம் கீது, மொளகாயும் கீதே. அவன் கை மடிக்குப் போனது. போனதுதான் தெரியும். ஈரத்துணியைத் தூக்கி, பொட்டலத்தை அடியில் கொட்டி, முழங்கை வரை விட்டுக் கலக்கி, துணியைப் பழையபடி போர்த்திவிட்டு, புங்கமரத்தைச் சுற்றி நடந்து தெருவுக்கு வந்துவிட்டான். விரல்கள் எரிந்தன. வரும் வழியில் குளத்தில் இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டபோது, தீபாவளியன்று மேலத்தெரு வாசலில் தாயாரம்மாள் அதிரசக் கூடையோடு நின்று போடப்போகும் கூச்சலை நினைத்துப் பார்த்தான். இனிப்பாகத்தான் இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை பிடிபடவில்லை. திங்கள்கிழமை மத்தியான பஸ்ஸில் மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். வேதகிரி மிஷினை நிறுத்தாமலே கைகூப்பினான்.

சாயங்காலம் தாயாரம்மாள் ஒரு தட்டு முறுக்கு கொண்டுவந்து மிஷின் திண்டில் வைத்தாள்.

"தின்னு வேதகிரி. உன் மிஷின்ல அரச்சதில்ல, பயப்படாம தின்னு."

"முறுக்கு கெடக்கட்டும். அதிரசம் எங்க?" என்றான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"எங்க வூட்ல தீவாளிக்கு அதிரசம் சுடற வயக்கமில்லயே. எங்க மாமனார் காலத்துலயே நின்னுபோச்சி. சட்டி வெச்சா ஆவாது."

"வெள்ளிக்கெழம குண்டான்ல ஈர அரிசி எடுத்துக்கினு போனியே?"

தாயாரம்மாள்  முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அது வேற வூட்டுது," என்றாள். "கொண்டு போய் குடுன்னாங்க, போனேன். உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?" சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பாராமல் போய்விட்டாள்.

வேதகிரி மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். நேரே தோட்டத்துப் பக்கம் போனான். உரல் குழியில் காய்ந்த முருங்கை இலை அடர்ந்து கிடந்தது. மேலே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. உலக்கை எரவாணத்தில் செருகினபடியே இருந்தது.

அடுப்படியில் வெல்லமும் ஏலமும் மணந்தது. செல்லம்மாள் வியர்க்க விறுவிறுக்கக் கடைசி அதிரசத்தை எண்ணெயிலிருந்து எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். கூடை நிறைந்திருந்தது. ஒவ்வொன்றும் வட்டமாக, செம்பழுப்பாக, பார்க்கவே அழகாக இருந்தது.

"எப்டி வந்துக்கீது பாருய்யா," என்றாள் அவள். முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்து நாளாயிற்று.

"ஒண்ணு குடு, தின்னு பாக்கறேன்."

"கை வெக்காத! படைக்காம யாரும் தொடக்கூடாது."

படைக்காமல் தொடக்கூடாது. எனவே அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை அடுப்படி வாசல்வரை போனான். என்ன என்று சொல்வது? ஒருவேளை காரம் தெரியாமலும் போகலாம். வெல்லம் இவ்வளவு போட்டிருக்கிறாளே. கொஞ்சம் தூள்தானே. அப்படியே கோழி கூவிவிட்டது.

எண்ணெய் வைத்துத் தலை முழுகி, புதுத்துணி கட்டி, வெடி வெடித்து, படையலும் ஆயிற்று. மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து இலை போட்டார்கள். செல்லம்மாள் இரண்டு அதிரசத்தை எடுத்து வைத்துவிட்டு எதிரில் நின்றாள். ஏகாம்பரம் ஒரு வாய் கடித்தான். மென்றான். மெல்லுவது மெதுவாயிற்று. கண் ஓரத்தில் நீர் கட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லா கீது அத்தே," என்றான். பிறகு மரியாதைக்கு இன்னொரு வாயும் கடித்தான். அவன் காது இரண்டும் சிவந்துபோயின.

பார்வதம் தாயைப்போல, சும்மா இருக்கமாட்டாள். ஒன்றை எடுத்துக் கடித்தவள் அப்படியே துப்பினாள்.

"அம்மா! இன்னாமா இது? காரம்! உசுரு போற காரம்!"

"இன்னாடி ஒளர்ற?" செல்லம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டாள். மெல்லவேயில்லை. கையிலிருந்த தட்டு கீழே இறங்கியது. முகம் வெளுத்து, பிறகு கறுத்தது.

"மாவு கொஞ்சம் செவப்பா இருந்துச்சி," என்றாள் மெதுவாக. "புது அரிசி, அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேனே."

"ஒரல்ல தானமா இடிச்ச?" என்றாள் மகள்.

செல்லம்மாள் புருஷனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்குக் கேட்காதபடி தோட்டத்துப் பக்கம் நடந்தாள். வேதகிரி பின்னால் போனான்.

"நான் பொய் சொன்னேன்யா. ஒரல்ல இடிக்கல. தாயாரம்மா கைல குடுத்து பாஞ்சாலிகிட்ட அனுப்பினேன். உன் கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படுமேன்னு அவ குண்டான்ல போட்டேன். மொளகா படாத மாவு ஒரே ஒரு வாட்டி எம்பொண்ணுக்கு கெடைக்கட்டும்னு..."  அடுத்த கணமே முந்தானையை இழுத்துச் செருகினாள். "கல்லு கயுவறாளாம், காய வெக்கறாளாம்! ஊர ஏமாத்தறா. இப்பவே போறேன். கூடையோட அவ வாசல்ல கொட்டி நாலு தெருவுக்கும் கேக்கறாப்ல கேக்கறேன். இனிமே எவளும் அவ படி ஏறக்கூடாது."

வெள்ளிக்கிழமை குளக்கரையில் அவன் ஆசைப்பட்டது அதே கூச்சல்தான். இப்போது அது அவன் பெண்சாதியின் வாயில் இருந்தது. அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். வழியை விட்டு நகர்ந்து நின்றாலே போதும். மேலத்தெரு மிஷின் பொங்கலுக்குள் துருப்பிடித்துவிடும்.

செல்லம்மாள் கூடையைத் தூக்க உள்ளே திரும்பினாள். அவன் நகரவில்லை.

"போவாத."

"நவுருய்யா."

"போவாதடி. அவ ஒண்ணும் பண்ணல. நான் தான் போட்டேன்."

"இன்னா போட்ட?"

"மொளகாத்தூளு. தாயாரம்மாளுதுன்னு நெனச்சிக்கினு அந்த குண்டான்ல போட்டேன். வெள்ளிக்கெழம, மத்தியானம்."

தெருவில் ஒரு சரவெடி நெடுநேரம் வெடித்து ஓய்ந்தது. செல்லம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்திருந்தான்.

"மத்தியானத்துல மிஷின வுட்டுட்டு போனியா நீ?" என்றாள்.

"மூடிட்டு போனேன்."

"அவ எங்க இருந்தா அப்ப?"

"உள்ள இருந்தா. புருசங்கூட ஒக்காந்து தாயம் ஆடிக்கினு இருந்தா."

"நீ?"

"வைக்கப்போராண்ட நின்னுக்கினு இருந்தேன்."

"எத்தினி நாழி?"

அவன் தலை குனிந்துகொண்டான். மூக்கு நுனியில் எண்ணெய் மினுங்கியது. மாவு இல்லாத அவன் முகம் அவளுக்கே யாரோ போலத் தெரிந்தது.

"ஆட்டம் முடியற வரிக்கும்," என்றான்.

செல்லம்மாள் இழுத்துச் செருகின முந்தானையை அவிழ்த்துவிட்டாள். பக்கத்திலிருந்த துவைக்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தாள். உள்ளே மகள் மாப்பிள்ளைக்கு மோர் கொடுப்பது கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"யாரு கெலிச்சா?"

"அவதான்," என்றான் வேதகிரி.